விழுந்த மரத்தின் மேல் எழும் காடு: சமூகக் களிமண் சிற்பப் பயிலரங்கு குறித்து ஒரு மதிப்பீடு

களிமண் பயிலரங்குகளைப் பெரும்பாலும் அவை பங்கேற்பவரின் கையில் கொடுத்தனுப்பும் பொருளை வைத்தே அளக்கிறோம். குவளையோ தொட்டியோ சிறு பொம்மையோ செய்து, அதைச் சுட்டு, வீட்டுக்கு எடுத்துச் செல்வதோடு அவை நிறைவடைகின்றன. நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட பயிலரங்கு அந்த வகையைச் சேர்ந்ததன்று. தாவரங்களின் வடிவங்களையும், சிதைந்த நிலம் மீண்டும் பசுமை கொள்ளும் முறையையும் பாடமாக வைத்துக்கொண்டு, பல வயதினரும் பல தொழிலினரும் சேர்ந்து ஒரே பெரிய சிற்பத்தைச் செய்து, அதைச் சுடாமல் வெட்டவெளியில் மழைக்குக் கொடுத்துவிடுவதே இதன் திட்டம். ஒரு சிற்பியும் தாவரவியல் படித்த ஒருவரும் இணைந்து வாராந்தர அமர்வுகளாக இதை நடத்துகிறார்கள். தொடக்கம் முதல் இறுதி வரை பங்கேற்ற பிறகே இதை எழுதுகிறேன். கைகளுக்கும் கண்களுக்கும் இது தரும் பயிற்சி மிக உயர்ந்தது. களிமண்ணை இவர்கள் கையாளும் ஒழுங்கும் மற்றவர்கள் பின்பற்றத் தக்கது. ஆனால் நிலத்தை மீட்டெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு இவர்கள் செய்யும் விதைப் பணியில் போதிய அக்கறை இல்லை. அந்தக் குறை மேலோட்டமானதன்று என்பதால் அதைப் பற்றியும் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் அமர்வில் எவரும் எதையும் வனையவில்லை. மேசையில் பாறைத் துண்டுகள், அவற்றின் மேல் படர்ந்திருந்த, பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து வாழும் லைக்கன், ஆற்று வண்டல், பதப்படுத்திய களிமண் கட்டி ஆகியவற்றை வரிசையாக வைத்துவிட்டு, களிமண் எவ்வாறு பிறக்கிறது என்பதையே அன்று முழுவதும் பேசினார்கள். கருங்கல் போன்ற பாறைகளில் நிறைந்திருக்கும் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம், கரியமில வாயு கரைந்த மழைநீராலும், வேர்களும் நுண்ணுயிர்களும் சுரக்கும் அமிலங்களாலும் நெடுங்காலம் அரிக்கப்பட்டுச் சிதையும்போது கயோலினைட் போன்ற களிமண் கனிமங்கள் உருவாகின்றன. இவற்றின் துகள்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. பெரும்பாலும் தட்டையான தகடுகளாக இருப்பவை. தகடுகளுக்கிடையே நீர் புகுந்து நிற்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அழுத்தினால் இடம் மாறுவதும், கையை எடுத்தால் மாறிய இடத்திலேயே நிற்பதுமாகிய குணம் களிமண்ணுக்கு வாய்த்தது இதனால்தான்.

தாவரவியலாளர் அடுத்துச் சொன்ன செய்தி எனக்குப் புதியது. பண்டைய ஆற்றுப் படிவுகளை ஆராய்ந்த நிலவியலாளர்கள், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், தாவரங்கள் தரையில் பரவத் தொடங்கிய காலத்தை ஒட்டியே அந்தப் படிவுகளில் சேற்றுப் பாறைகளின் பங்கு வெகுவாகப் பெருகத் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். தரையை மூடிய பசும்போர்வை பாறையைச் சிதைக்கவும் உதவியது. சிதைந்த நுண்மண் கடலுக்கு ஓடிவிடாமல் தடுத்தும் நிறுத்தியது. செடியைப் பார்த்துக் களிமண்ணில் செடி செய்வது வெறும் அலங்கார வேலையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. வனையும் பொருளுக்கும் வனையப்படும் உருவத்துக்கும் இப்படியோர் உறவு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டதால், பின்னால் வந்த எந்த அமர்விலும் அந்த ஆபத்து தலைகாட்டவில்லை. அவசரமாக மண்ணைத் தொட வேண்டும் என்று வந்தவர்கள் சிலர் அன்று சலிப்படைந்தது உண்மைதான். இருந்தாலும் இந்தத் தொடக்கத்தை எக்காரணம் கொண்டும் கைவிடக் கூடாது என்பதே என் கருத்து.

பாடத்திட்டத்தின் வரிசை இன்னும் நுட்பமானது. வெறுமையாகிவிட்ட நிலத்தில் உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுவதைப் பாடநூல்கள் தாவர வழிமுறை வளர்ச்சி என்று குறிப்பிடுகின்றன. அந்த வரிசையையே கைத்திறனின் வரிசையாகவும் இவர்கள் அமைத்திருக்கிறார்கள். லைக்கனுக்கு மண்ணை விரல்களால் கிள்ளி ஓரத்தை மெல்லியதாக்கத் தெரிந்தால் போதும். பாசிக்கு மேற்பரப்பைக் குத்தியும் சுரண்டியும் உயிர்ப்பான சொரசொரப்பைக் கொண்டுவரப் பழக வேண்டும். சுருண்டெழும் இலைகளைக் கொண்ட பெரணிச் செடிக்கு மண்ணைத் திரியாக உருட்டத் தெரிய வேண்டும். பயறு வகைச் செடியின் வேர்முடிச்சுகளைச் செய்யும்போது தனித்தனித் துண்டுகளைக் கீறி, களிமண் குழம்பு தடவி, பிரியாமல் ஒட்டும் முறை வந்துவிடுகிறது. மரத்துக்கு வரும்போது எடையையும் சமநிலையையும் உள்கூட்டையும் பற்றிச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இதற்கு முன் மண்ணைத் தொட்டிராத ஒருவர் தம்மை அறியாமலேயே எளியதிலிருந்து கடினமானதற்கு நகர்ந்துவிடுகிறார். கற்பிக்கும் முறை என்ற அளவில் இது மிகச் சிறந்த ஏற்பாடு.

ஆயினும் இந்த வரிசையை ஏறவேண்டிய ஒரே ஏணியாகக் காட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. 1883-ஆம் ஆண்டின் எரிமலை வெடிப்புக்குப் பின் இந்தோனேசியாவின் கிரகடோவா தீவில் எஞ்சிய நிலத்தை 1886-இல் சென்று பார்த்த தாவரவியலாளர் மெல்கியோர் ட்ரோய்ப், சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசிகளின் மெல்லிய படலத்தையும் அதன் மேல் பெரணிகளையும் கண்டார். 1980 மே மாதத்தில் வெடித்த, அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் நுரைக்கல் சமவெளியிலோ முதலில் வேரூன்றிய செடிகளுள் முதன்மையானது பயறு வகையைச் சேர்ந்த லூபின். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொடுத்ததால், வளமே இல்லாத அந்தத் தரையில் அதனால் நிற்க முடிந்தது; அது மடிந்து மக்கிய இடங்களில் பிற செடிகள் வந்தன. ஒவ்வொரு நிலமும் தனக்கு எட்டும் விதையையும் வித்துத்தூளையும் கொண்டுதான் தொடங்குகிறது. பயிற்றுநர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். கேட்டபோது தெளிவாகவே விளக்கினார்கள். கேட்காதவர்களுக்கும் அது போய்ச் சேரும்படி பாடத்திலேயே இடம்பெற வேண்டும்.

தொடரின் உச்சம் என்று நான் கருதுவது பெரணி அமர்வு. இளம் பெரணி இலை கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டே மண்ணை விட்டு எழுகிறது. அதன் நுனியிலுள்ள மென்மையான வளர்பகுதி சுருளின் நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது. பிறகு சுருளின் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் விரைந்து நீளும்போது இலை விரிகிறது. இதைச் சொற்களில் கேட்டுத் தலையாட்டிவிடலாம். ஆனால் களிமண் திரியை ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் நூலளவாகவும் உருட்டி, நுனியிலிருந்து சுருட்டத் தொடங்கும்போதுதான் அந்த வடிவத்தின் கட்டாயம் கைக்குப் புரிகிறது. மண் அதிக ஈரமாக இருந்தால் சுருள் தன் எடையாலேயே சரிந்து மூடிக்கொள்கிறது. சற்று உலர்ந்திருந்தாலோ வளைவின் வெளிப்புறம் வெடிக்கிறது. வெளிப்புறம் வெடிப்பதற்குக் காரணம், அங்கே நீளம் போதாமல் மண் இழுபடுவதுதான். செடி வளர்ந்து தீர்க்கும் அதே கணக்கை நாம் ஈரத்தைக் கொண்டும் விரலழுத்தத்தைக் கொண்டும் தீர்க்க வேண்டியிருக்கிறது. எந்த விளக்கவுரையும் தராத இந்த அறிவைத் தருவதற்காகவே களிமண்ணைத் தேர்ந்தெடுத்தோம் என்று சிற்பி சொன்னதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன்.

அன்று அவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னது, பார்க்காமல் செய்யாதீர்கள் என்பதுதான். நாம் எல்லோரும் மனத்தில் ஓர் இலையை வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு கோடு, இருபுறமும் சாய்கோடுகள், முனையில் கூர். கண் முன்னே இருக்கும் இலையை விட்டுவிட்டு அந்த இலையையே கை செய்துவிடுகிறது. எதிரிலிருக்கும் இலையின் நரம்புகள் விளிம்புவரை செல்கின்றனவா, விளிம்புக்கு முன்பே வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்கின்றனவா என்று கேட்டார். எங்களில் பலரும் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. அதன் பிறகு அறையில் பேச்சு குறைந்து, பார்வை கூடியது.

இதே இடத்தில் ஒரு குறையும் தெரிந்தது. தொடக்க அமர்வுகளில் தாவரங்கள் திரையில் காட்டப்பட்ட ஒளிப்படங்களாகவே வந்தன. பெரிதாக்கிய படம் அழகாக இருக்கும். ஆனால் அதற்குப் பின்புறம் கிடையாது. பங்கேற்றவர்களுள் பார்வையற்ற ஒருவர் இருந்தார். திரையில் உள்ளதை வாயால் விவரிக்க முற்பட்ட பயிற்றுநரிடம் அவர் செடியையே கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த அமர்விலிருந்து உதிர்ந்த கிளைகளும் விதையுறைகளும் கூம்புகளும் எல்லா மேசைகளுக்கும் வந்தன. இலையின் அடிப்புறத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கின்றன, ஆகவே மண்ணில் அச்சுப் பதிக்க வேண்டுமானால் அடிப்புறத்தையே அழுத்த வேண்டும் என்பதை எங்கள் மேசையில் முதலில் விரலால் கண்டுசொன்னவர் அவர்தான். ஒருவருக்காகச் செய்த மாற்றம் அனைவருடைய வேலையையும் உயர்த்தியது. இனி வரும் தொடர்களில் திரையையே அறைக்கு வெளியே வைத்துவிடலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

சூரியகாந்தித் தலையையும் பைன் கூம்பையும் வைத்து நடந்த அமர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடுத்தடுத்த இரு உறுப்புகளுக்கிடையே 137.5 பாகை அளவுக் கோணம் அமைவதையும், சூரியகாந்தியின் சுருள்களை எண்ணினால், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் எண்வரிசையின் 34, 55 போன்ற எண்கள் கிடைப்பதையும் விளக்கினார்கள். எண்ணும் ஆர்வத்தில் செய்யும் ஆர்வம் பின்னுக்குப் போய்விட்டது. பலருடைய கூம்புகளும் அச்சில் வார்த்தவைபோல ஒரே மாதிரி இருந்தன.

இனிக் கூட்டுச் சிற்பத்துக்கு வருகிறேன். காட்டில் முதிர்ந்த மரம் விழுந்து கிடக்கும்போது, மக்கத் தொடங்கும் அதன் உடல் ஈரத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு பாசிக்கும் பூஞ்சைக்கும் பெரணிக்கும் இளமரக் கன்றுகளுக்கும் இடம் கொடுக்கிறது. சில ஈரக்காடுகளில் புதுக் கன்றுகளில் பெரும்பகுதி தரையிலன்றி இத்தகைய விழுமரங்களின் மேல்தான் முளைக்கிறது. அந்த விழுமரத்தையே கூட்டுச் சிற்பத்தின் உடலாக எடுத்துக்கொண்டார்கள். அனைவரும் சேர்ந்து அடிமரத்தைச் செய்த பின், ஒவ்வொருவரும் தாம் பழகிய உயிரை அதன் மேல் குடியேற்ற வேண்டும். இதைவிடப் பொருத்தமான உருவை நான் வேறெங்கும் கண்டதில்லை. தனித்தனிக் கைகளின் வேலை ஒன்றுக்கொன்று இடையூறாகாமல், ஒன்று மற்றொன்றுக்குத் தரையாக அமைந்துவிடும் வாய்ப்பு இந்த உருவிலேயே பொதிந்திருக்கிறது.

அடிமரத்தைக் கட்டிய முறையில் ஒரு தொழில்நுட்பத் தவறு நேர்ந்தது. ஈரக் களிமண் உலரும்போது, அதன் வகையையும் ஈரத்தையும் பொறுத்து, நீளத்தில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்குவது வழக்கம். மரச்சட்டத்தால் செய்த உள்கூடு அதனோடு சேர்ந்து சுருங்காது. சுருங்க விரும்பும் மேலுடலைச் சுருங்காத உள்கூடு தடுத்து நிறுத்தினால் பிளவு தவிர்க்க முடியாதது. ஒரு பக்கத்தில் உள்கூட்டின் மேல் நேரடியாகக் களிமண்ணை அப்பியதால் அடுத்த வாரமே அங்கே நீண்ட வெடிப்புகள் ஓடியிருந்தன. மறுபக்கத்தில் களிமண்ணோடு மணலையும் நறுக்கிய வைக்கோலையும் சேர்த்து மிதித்துப் பயன்படுத்தியிருந்தார்கள். மணல் சுருக்கத்தைக் குறைத்தது. வைக்கோல் இழுவிசையைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் உறுதியாக நின்றது. பயிற்றுநர்கள் வெடித்த பகுதியை மூடி மறைக்காமல், இரண்டையும் அருகருகே காட்டி விளக்கி, பிறகு வெடிப்புகளுக்குள்ளேயே பாசியை வளரவிட்டதுபோல் வேலையைத் தொடரச் செய்தது பாராட்டுக்குரியது. என்றாலும் எடை மிகுந்த பொதுச் சிற்பத்தில் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய பாடம். பெரியவர்களும் சிறுவர்களும் வைக்கோல் கலந்த சேற்றை ஒன்றாக மிதித்த அந்த ஒரு மணி நேரமே குழுவாக நாங்கள் உருவான நேரம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சிற்பத்தில் எவரும் பெயர் பொறிக்கக் கூடாது, பிறர் செய்ததை மாற்ற விரும்பினால் அவரிடம் கேட்டுவிட்டு மாற்றலாம் என்பன இரு விதிகள். இவை நன்றாகவே வேலை செய்தன. குறைபட்டது விதிகளின் எண்ணிக்கையில்தான். கடைசி அமர்வுகளில் எதை வேண்டுமானாலும் எந்த அளவிலும் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக உள்ளங்கையளவு லைக்கனுக்குப் பக்கத்தில் நகத்தளவு மரம் நின்றது. பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 1993-இல் நூறு பேரளவிலான உள்ளூர் மக்களோடு சேர்ந்து ஏறத்தாழ 40,000 சுடுமண் உருவங்களைக் கொண்டு அமைத்த பெரும்படைப்பு, சமூகக் களிமண் வேலைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அதில் பங்கேற்றவர்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல்கள் மிகச் சில: கைக்கு அடங்கும் அளவாக இருக்க வேண்டும், நிற்க வேண்டும், கண்கள் இருக்க வேண்டும். அந்தச் சில வரம்புகளுக்குள் எந்த இரு உருவங்களும் ஒன்றுபோல் அமையவில்லை. அனைத்தும் சேர்ந்து நிற்கும்போது ஒரே கூட்டமாகவும் இருக்கின்றன. அளவு குறித்த ஒரேயொரு விதி இருந்திருந்தால் எங்கள் விழுமரமும் கலவையாகத் தோன்றாமல் ஒரு காடாகத் தோன்றியிருக்கும். கட்டுப்பாடு படைப்பாற்றலை நெரித்துவிடும் என்று அஞ்சிய பயிற்றுநர்கள் அந்த அச்சத்தைச் சற்று மிகைப்படுத்திவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சுடுவது பற்றிய இவர்களுடைய முடிவு இந்தப் பயிலரங்கின் பெரும் சிறப்பு. களிமண்ணைச் சூளையில் ஏற்றும்போது முதலில் துளைகளில் தங்கிய நீர் ஆவியாகிறது. முழுவதும் உலராத பொருளானால் 100 பாகை செல்சியஸை ஒட்டி எழும் நீராவிதான் அதை வெடிக்கச் செய்கிறது. மண்ணுக்குள் சிக்கிய காற்றுக்குமிழி வெடித்துவிடும் என்ற பரவலான நம்பிக்கையைச் சிற்பி மறுத்து, ஈரமே குற்றவாளி என்று விளக்கினார். அதன் பின் ஏறத்தாழ 450 முதல் 600 பாகைக்குள் கனிமத்தின் அமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது; 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் திடீரென விரிவதால் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். முதல் சூடு பொதுவாக 1000 பாகையை ஒட்டி முடிகிறது. பிணைந்த நீரை இழந்த மண் பிறகு எவ்வளவு காலம் ஊறினாலும் குழையும் மண்ணாகாது. பல மணி நேர எரிபொருளையும் மின்சாரத்தையும் செலவிட்டு, மண்ணாவதற்கான வழியை நாமே மூடிவிடுகிறோம். நீர் தாங்க வேண்டிய பாத்திரத்துக்கு அது தேவை. கற்றுக்கொள்வதற்காகச் செய்த ஒவ்வொரு இலைக்கும் அது தேவையில்லை.

ஆகவே கூட்டுச் சிற்பத்தைச் சுடுவதில்லை. தனி வேலைகளிலும் ஒருவர் தமக்கு மிக விருப்பமான ஒன்றைத் தேர்ந்து சூளைக்குக் கொடுக்கலாம், மற்றவை அனைத்தும் ஊறல் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். அரை ஈரமான மண்ணைவிட நன்றாகக் காய்ந்த மண்தான் நீரில் போட்டதும் விரைவில் பொலபொலவென்று உதிர்ந்து கரையும் என்பதால், கலைக்க வேண்டியவற்றை முதலில் வெயிலில் காயவைத்தார்கள். தாம் வனைந்ததைத் தம் கையாலேயே நீரில் இடுவது தொடக்கத்தில் பலருக்குக் கடினமாக இருந்தது. ஒரு சிறுமி அழவே செய்தாள். அவளைக் கட்டாயப்படுத்தாமல், அவள் விரும்பும் வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சில வாரங்களில் அவளே தன் பெரணிகளை எடுத்து வந்து கரைத்து, அந்த மண்ணில் முன்னதைவிடச் செம்மையான ஒன்றைச் செய்தாள். எதைச் சுடத் தகும் என்று தெரிவு செய்யும் கட்டாயம் எங்கள் எல்லோரையும் எங்கள் வேலையைக் கண்டிப்போடு பார்க்கப் பழக்கியது.

தூய்மை குறித்தும் குறைசொல்ல இடமில்லை. காய்ந்த களிமண் தூளில் உள்ள நுண்ணிய சிலிக்காவை நெடுங்காலம் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். அதனால் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் மட்டுமே துடைத்தார்கள். காய்ந்த பொருள்களை அறைக்குள் தேய்க்க அனுமதிக்கவில்லை. கை கழுவிய நீரை வடிகாலில் விடாமல் வாளிகளில் தெளியவைத்து, அடியில் படிந்த மண்ணை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனை பொறுப்போடு மண்ணைக் கையாளும் இவர்கள், விதை விஷயத்தில் எப்படி இவ்வளவு அலட்சியமாக இருந்தார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கூட்டுச் சிற்பம் கரையும்போது அதிலிருந்து செடிகள் எழும் என்று தொடக்கம் முதலே சொல்லிவந்தார்கள். அதற்காகப் பொட்டலங்களில் வாங்கிய கலப்பு விதைகளை, அடிமரத்துக்கான மண்ணைப் பிசையும்போதே கொட்டிக் கலந்தார்கள். பொதுவாக விதையை அதன் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றுவதே நடைமுறை. பல நுண்விதைகளுக்கு முளைக்க வெளிச்சமும் தேவை. முளைக்கும் விதை மூச்சுவிடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். முழங்கைத் தடிமனுள்ள களிமண் உடலின் நடுவில் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பிசையும்போதே நீரை உறிஞ்சிக்கொண்டு முளைக்கத் தொடங்கிய விதை, வாரக்கணக்கில் உலரும் மண்ணுக்குள் அழுகிவிடும் அல்லது காய்ந்துவிடும். நாங்கள் கலந்தவற்றில் பெரும்பகுதிக்கு அதுதான் நேர்ந்திருக்க வேண்டும். மழைக்குப் பின் முளைத்தவை மேற்பரப்பை ஒட்டியிருந்த சிலவே.

விதையைச் சிறு களிமண் உருண்டைக்குள் வைத்து வீசும் விதைப்பந்து முறையைப் பரப்பிய ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகாவின் பெயரை அமர்வுகளில் அடிக்கடி சொன்னார்கள். அவருடைய முறையின் உயிரே பந்தின் சிறிய அளவில்தான் இருக்கிறது. மெல்லிய மண் உறை விதையைப் பறவையிடமிருந்தும் எலியிடமிருந்தும் எறும்பிடமிருந்தும் காக்கிறது. பந்து விரைவில் உலர்ந்துவிடுவதால் விதை உறக்கத்திலேயே இருக்கிறது. மழை போதிய அளவு பெய்யும்போது உறை நெகிழ்ந்து வழிவிடுகிறது. அந்தத் தருக்கத்தை எடுத்துக்கொள்ளாமல், மண்ணும் விதையும் சேர்ந்தால் போதும் என்று பெரும் சிற்பத்துக்குப் பொருத்தியது சரியன்று. அடிமரம் முழுவதும் உலர்ந்த பிறகு, மக்கிய உரமும் களிமண்ணும் விதையும் கலந்த மெல்லிய பூச்சை மழைக்காலத்துக்குச் சற்று முன் மேற்பரப்பில் மட்டும் பூசியிருந்தாலே நிலைமை வேறாக இருந்திருக்கும்.

விதைகளின் தெரிவு அதைவிடக் கவலைக்குரியது. பொட்டலத்தில் இருந்தவற்றுள் பல, அந்த நிலத்துக்கு உரியவை அல்லாத அலங்காரச் செடிகள். சிதைந்த நிலத்தில் அயல் செடி விரைவாகப் பரவிவிட்டால், தாமதமாகவும் மெதுவாகவும் வரும் மண்ணின் மரபுச் செடிகளுக்கு இடமில்லாமல் போய்விடும். நில மீட்பில் எதை ஊன்றுகிறோம் என்பது எவ்வளவு ஊன்றுகிறோம் என்பதைவிட முக்கியமானது. சுற்றியுள்ள பகுதியிலேயே நலமாக நிற்கும் செடிகளிலிருந்து, அவற்றின் தேவைக்கு மிச்சம் வைத்துவிட்டுச் சிறிதளவு விதை சேகரிக்கும் நடையை ஓர் அமர்வாக வைத்திருக்கலாம். தாவரவியலாளர் ஒருவர் உடனிருந்தும் அது நடக்கவில்லை. நான் இதை எழுப்பியபோது நேரமின்மையைக் காரணமாகச் சொன்னார்கள். பைன் கூம்பின் சுருள்களை எண்ணுவதற்கு நேரம் இருந்தது என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். சிற்பம் வைக்கப்பட்ட இடம் கட்டடக் கழிவு கொட்டி இறுகிப்போன ஒரு மூலை. மணற்பாங்கான தரையாக இருந்தால் கரைந்து இறங்கும் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும். ஏற்கெனவே இறுகிய தரையின் மேல் மக்கு கலவாத களிமண் பரவினால், அது காய்ந்து ஓடுபோல் மூடிக்கொண்டு மழைநீரை உள்ளே விடாமல் வழியவைக்கவே செய்யும். அந்த மூலையில் முதலில் செய்ய வேண்டியிருந்தது தரையைக் கிளறி, இலைமக்கு சேர்த்து, மூடாக்கு இடுவது. அடிமரத்தில் கலந்த வைக்கோல் காலப்போக்கில் மக்கி ஓரளவு உதவும் என்பதே எஞ்சிய ஆறுதல். நிலத்தடியில் வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சைகளைப் பற்றி, அதாவது நிலத்தாவர வகைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சார்ந்திருக்கும் அந்த உறவைப் பற்றி, அழகான ஓர் அமர்வு நடத்தியவர்கள், அந்த மூலையின் மண்ணில் அவை இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கவில்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான காலத்தைச் சூழல் மண்டலங்களை மீட்டெடுக்கும் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. பயிலரங்கின் அறிவிப்பிலும் அது இடம்பெற்றிருந்தது. பத்தாண்டு என்று அளப்பதற்கே காரணம் இருக்கிறது; மீட்பு ஒரு நாளில் முடியும் வேலையன்று. ஆனால் சிற்பத்தை வெளியில் வைத்த நாளோடு இந்தத் தொடர் முடிந்துவிடுகிறது. அதன் பின் அங்கே எது முளைத்தது, எது வாடியது, எந்தப் பூச்சி வந்தது என்று பார்த்துக் குறித்துவைக்க எவருக்கும் பொறுப்பு தரப்படவில்லை. பங்கேற்றவர்கள் சிலர் தாமாகவே முறைவைத்துப் போய் வருகிறோம். அடிமரத்தின் ஒரு பக்கம் கரைந்து சரிந்துவிட்டது. வைக்கோல் கலந்த பக்கம் இன்னும் நிற்கிறது. அதன் நிழல் விழும் பகுதியில் நாங்கள் விதைக்காத புல்லும் சிறு பாசியும் படர்ந்திருக்கின்றன. சுடாத மண்ணில் குளவிகள் கூட்டுக்கான சேற்றை உருட்டி எடுப்பதையும் கண்டோம். இவை எல்லாம் பதிவு செய்யத் தக்கவை. ஓராண்டு காலக் கவனிப்பை, மாதம் ஒரு சந்திப்பு என்ற அளவிலேனும், தொடரின் பகுதியாக்க வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறோம். அடுத்த சுற்றில் சேர்க்க முயல்வதாகப் பதில் வந்திருக்கிறது.

முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. சிறுவர்களை அழைத்துவருபவர்கள் அவர்களோடு சேர்ந்தே அமர்ந்து செய்வது நல்லது. ஓரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இங்கே இடமும் இல்லை, பயனும் இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் மென்மையாகப் பிசைந்த மண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்து அழகு பார்க்கப் பல பொருள்கள் வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இது ஏற்றதன்று. சேர்வதற்கு முன் நடத்துபவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இம்முறை விதைகள் எங்கிருந்து வருகின்றன, சிற்பம் வைக்கும் தரையை யார் எப்போது பதப்படுத்துகிறார்கள், மழைக்குப் பின் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது. இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். கிடைக்காவிட்டாலும் பெரணி அமர்வுக்காகவும், மண்ணைத் திருப்பித் தரும் பழக்கத்துக்காகவும் நான் மீண்டும் சேர்வேன்; ஆனால் விதைப்பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் அதன் மேல் எழுதியிருப்பதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்வேன்.